பாஸ்கோடு எதைப் பூட்டுகிறது?

மாட்டுங்காவிலோ தாராவியிலோ போனைப் பறிகொடுத்தவரிடம் கேட்டால், "நம்பர் லாக் இருக்கு, ஒண்ணும் பண்ண முடியாது" என்பார். பாதி சரி.

பாஸ்கோடு என்பது திரையை மட்டும் மறிக்கும் தடுப்பு அல்ல. இன்றைய போன்களில் படம், செய்தி எல்லாமே குறியாக்கம் செய்துதான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றித்தான், சேமிக்கப்படுகின்றன. அதைத் திறக்கும் சாவி, நீங்கள் போடும் எண்ணும் தொழிற்சாலையிலேயே சிப்புக்குள் பதிக்கப்பட்ட ஒரு ரகசிய எண்ணும் சேர்ந்து உருவாவது. அதனால் நினைவகச் சிப்பைக் கழற்றி வேறு கருவியில் மாட்டினாலும் கிடைப்பது வெறும் குப்பை.

சரி, எல்லா எண்ணையும் போட்டுப் பார்த்தால்? ஐபோனில் ஒரு முயற்சிக்குச் சுமார் 80 மில்லிவினாடி ஆகும்படி வேண்டுமென்றே கணக்கை இழுத்தடிக்கிறார்கள். அப்படியும் நான்கு இலக்கத்தின் 10,000 சேர்க்கைகளும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்; ஆறு இலக்கம் என்றால் சுமார் 22 மணி நேரம். இது போதாது என்பதால்தான், தவறு கூடக்கூடக் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டுகிறார்கள். இதற்கெல்லாம் பிறகும் பிறந்த வருடத்தை வைத்திருப்பவரை எந்தச் சிப்பும் காப்பாற்றாது.

போனை அணைத்துப் போட்டதும் கைரேகை ஏற்காமல் எண்ணைக் கேட்பது பலருக்கு எரிச்சல். காரணம் இருக்கிறது. அணைத்ததும் சாவி நினைவிலிருந்து அழிந்துவிடும். எண் இல்லாமல் அதை மறுபடி உருவாக்க முடியாது. ஒருமுறை எண் போட்ட பிறகுதான் விரலுக்கு வேலை. அணைந்த போனை உடைப்பது கடினம் என்று சொல்வதும் இதனால்தான்.

மும்பை லோக்கல் ரயிலில் சிக்கல் வேறு. வாசலில் நின்று போன் பார்ப்பவர் கையில் தண்டவாளத்து ஓரத்திலிருந்து கம்பால் அடிப்பார்கள்; 'பட்கா' என்பார்கள். விழுவது திறந்த போன், குறியாக்கம் என்ன செய்யும்? பிடுங்கும்போது ஏற்படும் திடீர் அசைவை உணர்ந்து திரையைப் பூட்டும் வசதியை 2024இல் ஆண்ட்ராய்டில் கூகுள் கொண்டுவந்தது. உங்கள் போனில் இருந்தால் இயக்கிவிடுங்கள்.

அப்புறம் சிம். பூட்டிய போனிலிருந்து அதை எடுத்து வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வரும். சிம்முக்கும் தனி பின் (PIN) எண் உண்டு. 3 முறை தவறினால், பூட்டிய சிம்மைத் திறக்கும் பியூகே (PUK) எண்ணைக் கேட்கும். இதை இயக்கும்போது கம்பெனி வைத்திருக்கும் பழைய பின்னை முதலில் கேட்கும். ஊகித்துப் போடாமல் கஸ்டமர் கேரில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த 3 வாய்ப்பையும் நாமே தீர்த்துவிடுவோம்.