பேண்ட்வித் ஷேப்பிங், ஃபயர்வால்: தமிழில் எப்படிச் சொல்வது?

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடைகளுக்கு இணைய இணைப்பு போட்டுத் தருபவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "அண்ணே, யூடியூபை பிளாக் பண்ணி விட்டுருங்க, நெட்டு வேகமாயிரும்." பிளாக் செய்வது ஃபயர்வாலின் வேலை, வேகத்தைப் பங்கிடுவது பேண்ட்வித் ஷேப்பிங்கின் வேலை. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

ஃபயர்வால் முதலில் கட்டடத்துச் சொல். ஒரு பகுதியில் பிடித்த தீ அடுத்த பகுதிக்குத் தாவாமல் எழுப்பும் சுவர் அது. பிறகு கார், விமானங்களில் எஞ்சினுக்கும் ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடும் அந்தப் பெயரைப் பெற்றது. 1980களின் பிற்பகுதியில் கணினி வலைப்பின்னலுக்கு வந்தது. தமிழில் தீச்சுவர், தீயரண் இரண்டும் உண்டு. நான் தீயரண் பக்கம். சுவர் எல்லாவற்றையும் மறிக்கும். அரணுக்கு வாயிலும் காவலும் உண்டு. யாரை விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று பார்த்துத்தான் விடும்.

பேண்ட்வித் வானொலியிலிருந்து வந்தது. ஒரு அலைவரிசைப் பட்டை எத்தனை ஹெர்ட்ஸ் அகலம் என்பதே அதன் பொருள். அகலம் கூடினால் அதில் அனுப்பக்கூடிய தகவலும் கூடும் என்று தகவல் கோட்பாட்டை வகுத்த கிளாட் ஷானன் 1948இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அதனால்தான் நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதையும் இன்று பேண்ட்வித் என்கிறோம். பட்டையகலம் சரியான சொல். அலைக்கற்றை என்று எழுதுவது தவறு, அது ஸ்பெக்ட்ரம்.

ஷேப்பிங்கை 'வடிவமைத்தல்' என்றால் ஒன்றும் புரியாது. இணையத்தில் தகவல் பொட்டலங்கள் (பாக்கெட்) எனும் சிறு துண்டுகளாகப் போகும். வேக வரம்பை மீறி வரும் பொட்டலங்களை வரிசையில் நிறுத்தி, குறித்த வேகத்தில் விடுவதே அந்த வேலை. கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்றுத் தண்ணீரை முறை வைத்து வயலுக்கு விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. முறைப்பாய்ச்சல் என்று சொல்லிப் பார்க்கலாம்.

தீயரணையும் முறைப்பாய்ச்சலையும் சேர்த்துப் போடும்போது எது முதலில் என்பது முக்கியம். லினக்ஸ் ரவுட்டரில் பொட்டலம் முதலில் தீயரணின் விதிகளைக் கடக்கும், அப்புறம்தான் வெளியேறும் வாசலில் உள்ள வரிசைக்கு வரும். தீயரண் தடுத்த பொட்டலம் வரிசையில் இடம் பிடிக்காது. தீயரணிலேயே பொட்டலத்துக்கு அடையாளமும் குத்தலாம். போடிமெட்டு வழியாக இறங்கும் சரக்குக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோக வேண்டிய மின்சீட்டு) போடும் கணினிக்கு முதல் முறை, வீடியோவுக்குக் கடைசி முறை என்று அந்த அடையாளத்தைப் பார்த்து வரிசை பொட்டலங்களை விடும்.

வரம்பை இணைப்பின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக வையுங்கள். 100 மெகாபிட் இணைப்பென்றால் 90, 95. இல்லாவிட்டால் நெரிசல் இணைப்பு தருபவரின் கருவியில் உண்டாகும். நம் முறை அங்கே செல்லாது.

மைக்ரோடிக் நிறுவன ரவுட்டர் வைத்திருப்பவர்கள் பலர் தடுமாறும் இடம் அதன் தீயரணிலுள்ள ஃபாஸ்ட்ட்ராக் விதி. ஏற்கெனவே உருவான இணைப்புகளை அந்த விதி குறுக்கு வழியில் அனுப்பிவிடும். வேக வரம்பு எழுதும் வரிசையான சிம்பிள் கியூ அவற்றைத் தொடாது. வரம்பு எழுதியும் வேகம் குறையவில்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள். வரம்பு வேண்டிய கணினிகளை அந்த விதியிலிருந்து விலக்கினால் போதும்.

இன்னொன்று: வெளியிலிருந்து வெள்ளமாகத் தாக்குதல் வந்தால் நம் தீயரண் அதைத் தள்ளிவிடும், ஆனால் அந்தப் பொட்டலங்கள் அதற்குள் நம் கம்பியில் வந்து சேர்ந்துவிட்டன. பட்டையகலம் போனது போனதுதான். அதை இணைப்பு தருபவர் தன் பக்கத்திலேயே நிறுத்த வேண்டும்.