கிளாசிக்: ஒருநாள் சைக்கிள் பந்தயத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

சைக்கிள் பந்தய உலகில் ‘கிளாசிக்’ என்பது காலையில் கிளம்பி அன்றே முடிந்துவிடும் பெரிய சாலைப் பந்தயம். பல நாள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 21 கட்டங்களின் நேரத்தைக் கூட்டிப் பார்த்து வென்றவரைச் சொல்வார்கள். இங்கே முடிவுக்கோட்டை முதலில் தாண்டியவருக்கே வெற்றி. இன்று விட்டதை நாளை பிடிக்க வழியே இல்லை. சரி, ஒரே நாளில் முடிகிற பந்தயமெல்லாம் கிளாசிக்கா? இல்லை. அதற்கு வயதும் மதிப்பும் வேண்டும். ஆண்டுதோறும் அதே பருவத்தில், பெரும்பாலும் அதே சாலைகளில் நடந்து வந்திருக்க வேண்டும்.

‘கிளாசிக்’ என்ற சொல்லின் வேர் பண்டைய ரோமில் இருக்கிறது. அங்கே குடிமக்களைச் சொத்தின்படி வகுப்புகளாகப் பிரித்தார்கள். வகுப்புக்கு லத்தீனில் ‘கிளாசிஸ்’ என்று பெயர். முதல் வகுப்புக்காரர் ‘கிளாசிகுஸ்’. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஔலுஸ் கெல்லியுஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் தரமான எழுத்தாளரைக் குறிக்க இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். அப்புறம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இலக்கியம், இசை, குதிரைப் பந்தயம் என்று பரவி, சைக்கிளுக்கும் வந்து சேர்ந்தது.

தமிழில் இதைச் ‘செவ்வியல்’ என்று பெயர்த்துவிடலாம்தான். ஆனால் ‘செவ்வியல் போட்டி’ என்று அறிவித்தால் நம்மவர்கள் பாட்டுக் கச்சேரியைத்தான் நினைப்பார்கள். ‘போட்டி’யும் எனக்கு உடன்பாடில்லை, கோலத்துக்கும் போட்டி, கவிதைக்கும் போட்டி. ஓட்டத்துக்கும் விரைவுக்கும் நம்மிடம் நெடுநாளாகப் ‘பந்தயம்’ இருக்கிறது: குதிரைப் பந்தயம், மாட்டுவண்டிப் பந்தயம்.

‘மரபுப் பந்தயம்’ என்பதே என் தேர்வு. அந்தப் பொருள் வேலூர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். தை பிறந்தால் அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்து ஊர்களில் மாடு விடும் விழா நடக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஒரு நாள், அதற்கென ஒரு தெரு, அன்றைக்கு ஓடிய ஓட்டம்தான் கணக்கு. பரிசுத்தொகை ஒரு பக்கம் இருக்கட்டும். ‘அந்த ஊர் விழாவில் ஜெயித்த மாடு’ என்ற பேச்சுக்கு இருக்கும் மதிப்பே தனி. அங்கே மாடு ஓடி முடிக்கும் நொடிக்கணக்கு, சைக்கிளில் முடிவுக்கோட்டை முந்திக் கடப்பது, வேறுபாடு அவ்வளவுதான்.

கிளாசிக்குகளிலேயே தலையாய ஐந்தை ‘மானுமென்ட்’ என்கிறார்கள்: லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ் (1892), பாரிஸ்–ரூபே (1896), லொம்பார்தியா (1905), மிலான்–சான் ரெமோ (1907), ஃப்ளாண்டர்ஸ் (1913). அடைப்புக்குள் இருப்பவை தொடங்கிய ஆண்டுகள். சான் ரெமோ பந்தயம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். வேலூரிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பினாலும் அதைவிடச் சற்றுக் குறைவுதான். பாரிஸ்–ரூபேயில் 50 கிலோமீட்டருக்கும் மேல் கரடுமுரடான கல் பாவிய பாதை. வென்றவருக்குக் கோப்பையாகத் தருவதும் அந்தப் பாதையின் கல் ஒன்றைத்தான்.

‘மானுமென்ட்’ என்பதை ‘நினைவுச்சின்னம்’ என்று எழுதவே கூடாது. வேலூரில் அந்தச் சொல் 1806 சிப்பாய்ப் புரட்சித் தூணுக்கு உரியது; ஆண்டுதோறும் நடக்கும் பந்தயத்துக்குப் பொருந்தாது. ஐம்பெருங்காப்பியம் என்று தொகுத்துச் சொல்லிப் பழகிய மொழி நம்முடையது. இவற்றையும் ‘ஐம்பெரும் பந்தயங்கள்’ என்றே சொல்லலாம்.

சொற்றொடரில்: 20ஆம் நூற்றாண்டில் ஐம்பெரும் பந்தயங்கள் ஐந்தையும் வென்றவர்கள் ரிக் வான் லோய், எடி மெர்க்ஸ், ரோஜர் டி விளாமிங்க் ஆகிய மூவர்தான், மூவரும் பெல்ஜியத்துக்காரர்கள்.