குறைந்த செலவில் ஜெர்மனி: முதலில் டிக்கெட்டின் நிபந்தனையைப் படியுங்கள்

ஜெர்மனிக்குப் போகிறவர்கள் விமான டிக்கெட்டுக்கும் அறைக்கும் மாதக்கணக்கில் விலை பார்க்கிறார்கள். போய் இறங்கிய பிறகு, ரயில் டிக்கெட்டின் பின்னால் உள்ள நான்கு வரி நிபந்தனையைப் படிக்காததால் பணத்தை இழக்கிறார்கள். பயணத் திட்டம் போட்டுக் கொடுக்கும் எங்களிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். அதனால் இங்கே ரயிலுக்கே அதிக இடம் கொடுக்கிறோம்.

அங்கே ரயில்கள் இரண்டு வகை. ஐசிஇ, ஐசி, இசி ஆகியவை தொலைதூர ரயில்கள். ஆர்இ, ஆர்பி, எஸ்-பான் ஆகியவை வட்டார ரயில்கள். மலிவான நாள் டிக்கெட்டுகளும் மாத டிக்கெட்டும் இரண்டாவது வகைக்கு மட்டுமே செல்லும். ஒரே பிளாட்பாரத்தில் இரண்டு வகையும் வரும், கைப்பேசிச் செயலியும் வேகமான ரயிலைத்தான் முதலில் காட்டும். தேடும்போதே 'வட்டாரப் போக்குவரத்து மட்டும்' என்ற வடிகட்டியைப் போட்டுவிடுங்கள். டிக்கெட் செல்லாத ரயிலில் பிடிபட்டால் குறைந்தது 60 யூரோ அபராதம். 'தெரியாமல் ஏறிவிட்டேன்' என்பது எடுபடாது. இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு முதல் வகுப்பில் உட்கார்ந்தாலும் இதே கதைதான்.

மாத டிக்கெட்டின் பெயர் டாய்ச்லாந்து டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது. 2026 ஜனவரி முதல் 63 யூரோ. நாடு முழுக்க வட்டார ரயில், டிராம், நகரப் பேருந்து எல்லாம் இதில் அடங்கும். ஆனால் இது காலண்டர் மாதக் கணக்கு, அதுவும் தானாகப் புதுப்பிக்கும் சந்தா. அந்த மாதத்தோடு முடிய வேண்டுமானால் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். தவறினால் ஊர் திரும்பிய பிறகும் அடுத்த மாதப் பணம் போகும். 20ஆம் தேதி இறங்கி அடுத்த மாதம் 5ஆம் தேதி கிளம்புகிறவருக்கு இரண்டு மாதக் கட்டணம் விழலாம், அப்போது இதில் லாபமே இல்லை. சில விற்பனையாளர்கள் ஐரோப்பிய வங்கிக் கணக்கு கேட்பார்கள். கடன் அட்டை ஏற்பவரைத் தேடி வாங்குங்கள்.

இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து போனால் எங்கள் ஓட்டு லெண்டர் டிக்கெட்டுக்குத்தான். ஒரு மாநிலத்துக்குள் ஒரு நாள் முழுக்க, ஐந்து பேர் வரை. முதல் ஆளுக்கு ஏறக்குறைய 30 யூரோ, கூடுதல் ஆள் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 10 யூரோ. வார நாளில் பொதுவாகக் காலை 9 மணிக்குத்தான் தொடங்கும், மறுநாள் அதிகாலை 3 மணி வரை செல்லும். 8.50 ரயிலில் ஏறினால் டிக்கெட் இல்லாதவர் என்றே கணக்கு. பயணிகள் எல்லோருடைய பெயரையும் கிளம்பும் முன்பே எழுதிவிட வேண்டும்.

நகர டிக்கெட்டில் வேறொரு பொறி. பெர்லின், மியூனிக் போன்ற ஊர்களில் இயந்திரம் தரும் காகித டிக்கெட் பலவற்றை, ஏறும் முன் சிறு பெட்டியில் செருகி முத்திரை பதிக்க வேண்டும். பதிக்காத டிக்கெட் செல்லாது. பரிசோதகர்கள் சீருடை இல்லாமலும் வருவார்கள். பெர்லினில் ஏ, பி, சி என மூன்று கட்டண வளையங்கள் உண்டு. விமான நிலையம் சி வளையத்தில் இருக்கிறது, ஏபி டிக்கெட்டோடு அங்கே போகக் கூடாது.

தொலைதூர ரயிலில் மலிவான டிக்கெட்டின் பெயர் ஸ்பார்பிரைஸ். அதில் எழுதியுள்ள ரயிலில் மட்டுமே போகலாம். 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேருவோம் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு நீங்கும், வேறு ரயிலில் ஏறலாம். ஆனால் தாமதம் ரயில்வேயுடையதாக இருக்க வேண்டும். விமானம் தாமதித்தால் டிக்கெட் வீண். அதனால் விமானம் இறங்கும் நாளுக்கு இதை வாங்காதீர்கள். வழியில் ரயில் மாறுவதாக இருந்தால் முழுத் தூரத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் இணைப்பு தவறும்போது யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடத்துக்கு 50 சதவீதமும் பொதுவாகத் திரும்பக் கேட்கலாம். பலர் கேட்பதே இல்லை.

எந்த ஊரில் தங்குவது? மியூனிக்கை எல்லோரும் சொல்வார்கள். செலவைப் பார்த்தால் லைப்சிக் நல்ல தேர்வு. அங்குள்ள லெண்டர் டிக்கெட்டான சாக்ஸனி டிக்கெட், விதிவிலக்காக, சாக்ஸனி, சாக்ஸனி-அன்ஹால்ட், துரிங்கியா என மூன்று மாநிலங்களிலும் செல்லும். ட்ரெஸ்டன், வைமார், மார்ட்டின் லூதர் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்த வார்ட்பர்க் கோட்டை உள்ள ஐஸ்னாக், எல்லாம் அதற்குள் அடங்கும்.

லைப்சிக்கின் புனித தோமா தேவாலயத்தில் இசையமைப்பாளர் பாஹ் 1723 முதல் 1750 வரை இசைப் பொறுப்பில் இருந்தார். அவர் கல்லறையும் அங்கேதான். 1212இல் தொடங்கிய சிறுவர் பாடகர் குழு இன்றும் வழக்கமாக வெள்ளி மாலை 6 மணிக்கும் சனி மதியம் 3 மணிக்கும் பாடுகிறது. சில யூரோ கொடுத்தால் கேட்கலாம். பள்ளி விடுமுறைக் காலத்தில் சிறுவர்கள் இருக்க மாட்டார்கள், விருந்தினர் குழு பாடும். தேதியைச் சரிபார்த்துப் போங்கள். அதே ஊரில் கிழக்கு ஜெர்மனியின் கதையைச் சொல்லும் சமகால வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அனுமதி இலவசம்.

எஸ்-பானில் முக்கால் மணி நேரத்துக்குள் ஹாலே. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் படித்த ஊர். அவரை உருவாக்கிய ஃபிராங்கே அறநிலையத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அவை ஆவணக் காப்பகத்தில் உள்ளவை, பார்க்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தமிழர்கள் இந்த ஊரைத் தவறவிட்டுப் போவது எங்களுக்குக் கொஞ்சம் ஆற்றாமைதான்.

வைமாரிலிருந்து நகரப் பேருந்து நாஜிக் காலத்து புஹன்வால்ட் வதைமுகாமுக்குப் போகும். நுழைவுக் கட்டணம் கிடையாது. பெரும்பாலான அருங்காட்சியகங்களைப் போல இங்கும் கண்காட்சிகள் திங்களன்று மூடியிருக்கும். சிறு பிள்ளைகளோடு போகும் இடம் இல்லை. பெர்லினில் சுவர் நினைவிடம், நாஜிக் கொடுமைகளைச் சொல்லும் 'பயங்கரத்தின் நிலப்படம்' எனும் கண்காட்சி, நாடாளுமன்றக் கண்ணாடிக் கூரை மூன்றும் இலவசம். கூரைக்கு முன்பதிவு வேண்டும், கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். மியூனிக்கின் பினாகோதேக் ஓவியக் கூடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை 1 யூரோதான்.

சாப்பாட்டில் சைவர்களுக்கு ஒரு நல்ல செய்தி மியூனிக் பீர் தோட்டங்கள். விரிப்பு போடாத மேசைகளில் சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுபோய் உண்ணலாம். 19ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம் அது. குடிப்பதை மட்டும் அங்கே வாங்க வேண்டும், ஆப்பிள் சாறு கலந்த சோடா போதும். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது, ஆனால் உணவகத்தில் தண்ணீர் கேட்டால் காசு போட்ட பாட்டில்தான் வரும். 'ஸ்டில்' என்று சொல்லாவிட்டால் பெரும்பாலும் சோடா.

இளையோர் விடுதிகளில் காலை உணவும் படுக்கை விரிப்பும் பெரும்பாலும் கட்டணத்திலேயே அடங்கும், ஆனால் உறுப்பினர் அட்டை வேண்டும். வணிகக் கண்காட்சி நடக்கும் வாரத்தில் எந்த ஊரிலும் அறை விலை எகிறும். மார்ச் புத்தகக் கண்காட்சியின்போது லைப்சிக், அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழா நடக்கும் செப்டம்பர் பிற்பாதியில் மியூனிக் இரண்டையும் தவிருங்கள்.

ஞாயிறன்று மளிகைக் கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை திறந்திருக்கும், விலை கூடுதல். ஈஸ்டரில் வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் மூடல், நடுவில் சனிக்கிழமை மட்டும் திறப்பு, அன்று கூட்டம் அலைமோதும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. நசுக்காமல், லேபிளைக் கிழிக்காமல் கடையிலுள்ள இயந்திரத்தில் போடுங்கள். அது தரும் சீட்டை அதே கடையின் கல்லாவில் கொடுத்தால் பணம் கிடைக்கும்.