பந்தயக் காரில் பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையே தொலையும் வோல்ட்டுகள்

பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், எரிபொருள் நிரப்பும்போது எஞ்சினை அணைத்துவிட்டு, பிறகு கார் தன் சொந்த ஆற்றலாலேயே மீண்டும் கிளம்ப வேண்டும் என்பது விதி. ஹைப்ரிட் அமைப்பு இல்லாத ஜிடி வகைக் கார்களில் (சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட பந்தயக் கார்கள்) இந்தப் பொறுப்பு முழுவதும் பேட்டரியையும், எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரையுமே சேர்கிறது.

ஸ்டார்ட்டருக்கு மிகக் கடினமான நேரமும் அதுதான். பல கார்களில் அது புகைபோக்கிக் குழாய்களுக்கு அருகிலேயே இருப்பதால், கார் நின்று காற்றோட்டம் அடங்கியதும் வெப்பம் முழுவதையும் உள்வாங்குகிறது. 20 டிகிரியில் இருந்த செம்புச் சுருள் 120 டிகிரியை எட்டினால், அதன் மின்தடை ஏறத்தாழ 40 சதவீதம் கூடிவிடும்.

இந்த நிலையில் இணைப்புகளிலும் வோல்ட் வீணானால் கார் கிளம்பாது. ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது, வழியில் ஓமின் நூறில் ஒரு பங்கு மின்தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே வெப்பமாகிப் போய்விடும். பேட்டரி 11 வோல்ட் கொடுத்தாலும் மோட்டாருக்கு 9 வோல்ட்தான் மிஞ்சும். டெர்மினலில் பூத்திருக்கும் வெண்பச்சைப் படிவோ, எர்த் (மின்னோட்டம் காரின் உலோக உடல் வழியே பேட்டரிக்குத் திரும்பும் பாதை) போல்ட்டுக்கு அடியில் சுரண்டப்படாமல் விட்ட பெயின்ட்டோ இந்த அளவு தடையைத் தரக்கூடும். எடைச் சமநிலைக்காகப் பேட்டரியைப் பின்பக்கம் வைக்கும் கார்களில் கேபிள் நீள்வதால், அதன் தடிமனையும் கூட்டியாக வேண்டும். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருந்தால், எஞ்சினையும் சேஸிஸையும் (காரின் அடிச்சட்டம்) இணைக்கும் தடித்த எர்த் பட்டை கட்டாயம் தேவை.

ஆகவே, கார் கிளம்பாவிட்டால் உடனே புதிய பேட்டரி வாங்குவது பெரும்பாலும் வீண்செலவு. முழு சார்ஜில் ஓய்ந்திருக்கும் ஈய அமில பேட்டரி சுமார் 12.7 வோல்ட் காட்டும். ஆனால் மின்னோட்டம் பாயாதபோது எடுக்கும் இந்த அளவு, வழியில் உள்ள தடையைப் பற்றி எதுவும் சொல்லாது. எரிபொருளையும் தீப்பொறி தரும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஒருவர் ஸ்டார்ட்டரை இயக்கும்போது, இன்னொருவர் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனையிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு எர்த் பாதையில் இருக்கிறது.

பந்தயத்துக்கு, கண்ணாடி இழைப் பாய் அமிலத்தைப் பிடித்திருக்கும் ஏஜிஎம் பேட்டரி அதிர்வை நன்கு தாங்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடையைப் பெரிதும் குறைக்கும்; ஆனால் அதற்கென அமைந்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும்.

பலரும் சோதிக்க மறப்பது, விபத்தில் மின்சாரம் முழுவதையும் துண்டிக்கும் கட்டாஃப் சுவிட்சை. ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் அதன் வழியாகச் செல்லும் அமைப்பில், உள்ளிருக்கும் தொடுமுனைகள் கருகினால் அதுவும் ஒரு தடையாகிவிடுகிறது. எனவே ஸ்டார்ட்டர் சுழலும்போது சுவிட்சின் இரு முனைகளுக்கு இடையிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட வேண்டும்.