மின்சார வாகனத்தின் பழைய பற்றரி: 1534/18 வர்த்தமானி சொல்வது என்ன?

மின்சாரக் கார் அல்லது ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்கள் விலையை விசாரிக்கிறார்கள், வரியை விசாரிக்கிறார்கள், ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று கேட்கிறார்கள். 1534/18 என்ற இலக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இலங்கையில் 2008 பெப்ரவரி 1 ஆம் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானி அது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகள் அதில் இருக்கின்றன. உங்கள் வாகனத்தின் பற்றரி செத்துப்போன நாளில் இருந்து அதற்குப் பொருந்துகிற விதி இதுதான்.

அந்த ஒழுங்குவிதிகளின் கடைசியில் ஓர் அட்டவணை உண்டு. அதில் பெயர் வந்தால் அந்தப் பொருள் 'அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு'. பழைய பற்றரிகளும் மின்னணுக் கழிவுகளும் அந்தப் பட்டியலுக்குள் வருகின்றன. பட்டியலில் உள்ள கழிவைச் சேகரிக்க, ஏற்றிப் பறிக்க, களஞ்சியப்படுத்த, பிரித்து மீட்க, மீள்சுழற்சி செய்ய, அகற்ற, ஒவ்வொன்றுக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் தேவை. பிரதேச சபை தருகிற வியாபார அனுமதி இதற்குப் போதாது. கராஜ்காரரிடம் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கலாம், ஆனால் அது அவருடைய தொழிலிடத்துக்கான உரிமம். கழிவைக் கையாளும் உரிமம் வேறு. இந்த இரண்டையும் கனபேர் ஒன்றென நினைத்துக்கொள்கிறார்கள், சில வியாபாரிகளும் அப்படி நினைக்க விட்டுவிடுகிறார்கள்.

வீட்டுக்காரரிடம் நடைமுறையில் யாரும் உரிமம் கேட்பதில்லை. ஆனால் யாரிடம் கொடுக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. பழைய பற்றரி ஒன்றுக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு என்பவர்கள், அதற்குள் இருக்கிற லித்தியம் எங்கிருந்து, என்ன விலை கொடுத்து வந்தது என்று ஒருக்கால் பார்ப்பது நல்லது.

லித்தியம் பெரும்பாலும் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று பாறை. மேற்கு அவுஸ்திரேலியாவில் கிரீன்புஷஸ் என்ற இடத்தில் ஸ்பொடுமீன் என்ற கனிமத்தை வெட்டி நொறுக்கிச் செறிவாக்கி, பெரும்பகுதியைக் கப்பலில் சீனாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அதைக் கடும் வெப்பத்தில் சுட்டு, அமிலத்தோடு சேர்த்துப் பிரித்தெடுக்கிறார்கள். சூட்டுக்கு எரிவது நிலக்கரியும் எரிவாயுவும். இந்த வழியில் ஒரு தொன் லித்தியம் சேர்மம் எடுக்க ஏறத்தாழ 15 தொன் காபனீரொட்சைட்டு வெளியேறும் என்றும், உப்புநீரில் இருந்து எடுத்தால் ஏறத்தாழ 5 தொன் என்றும் மதிப்பிடுகிறார்கள்.

அந்த உப்புநீர்தான் இரண்டாவது வழி. சிலி நாட்டின் அட்டகாமா உப்பு வெளியில் நிலத்துக்குக் கீழே இருக்கும் உப்புநீரை இறைத்து, பெரிய பாத்திகளில் பரப்பி, வெயிலில் வற்றவிடுகிறார்கள். ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாத்தி, வெயில், காற்று, பொறுமை. ஆனால் அங்கே ஒரு பாத்தி நீர் தயாராக ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும். இன்னொரு பெரிய வித்தியாசமும் உண்டு. ஆனையிறவில் வற்றிய நீரைக் கடல் திரும்பக் கொண்டுவந்து தருகிறது. அட்டகாமா, உலகத்திலேயே மழை மிகக் குறைந்த பாலைவனங்களில் ஒன்று. அங்கே ஆவியாகிப் போனது போனதுதான். ஒரு தொன் லித்தியத்துக்கு ஏறத்தாழ 20 இலட்சம் லீற்றர் நீர் ஆவியாகிறது என்ற கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது.

"அது குடிக்கிற தண்ணீர் இல்லையே, உப்புநீர்தானே" என்பது சுரங்கப் பக்கத்தின் வாதம். வலிகாமத்தில் கிணற்றோடு வளர்ந்த யாருக்கும் இந்த வாதத்தின் ஓட்டை உடனே தெரியும். எங்கள் சுண்ணாம்புக் கல்லுக்குள் நன்னீர் ஒரு வில்லைபோல் மேலே நிற்கிறது, உவர்நீர் கீழே நிற்கிறது. நன்னீரை மட்டுமீறி இறைத்தால் உவர் ஏறிவரும். ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும். அட்டகாமாவிலும் அடர்த்தியான உப்புநீரின் ஓரங்களில்தான் மலையில் இருந்து வரும் நன்னீர் தங்குகிறது. நடுவில் உப்புநீர் மட்டம் இறங்கினால் ஓரத்தில் இருக்கும் குளங்களும் ஈரநிலங்களும் வற்றத் தொடங்கும் என்பதுதான் அங்கே வாழும் லிக்கன் அந்தாய் பழங்குடியினரின் முறைப்பாடு. அங்குள்ள பூநாரைகள் நம்பியிருப்பதும் அந்த ஆழமற்ற நீர்நிலைகளைத்தான்.

சேர்பியாவில் ஜடார் பள்ளத்தாக்கில் லித்தியம் சுரங்கம் அமைக்கும் திட்டத்துக்கு எதிராக மக்கள் வீதியில் இறங்கினார்கள். 2022 ஜனவரியில் அரசு அனுமதியை இரத்துச் செய்தது. 2024 இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றத்தின் தீர்ப்போடு திட்டம் மீண்டும் உயிர்பெற்றது.

அப்போ பெற்றோலே மேல் என்று சொல்லிவிடலாமா? இல்லை. பெற்றோல் எரிந்தால் முடிந்தது, அடுத்த நாளும் கிணறு தோண்டி எடுக்க வேண்டும். லித்தியம் எரிவதில்லை. பத்துப் பதினைந்து வருடம் ஓடி, சார்ஜ் பிடிக்காமல் போன பிறகும் அது பற்றரிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கிலோவாட் மணி கொள்ளளவுக்கு ஏறத்தாழ 100 கிராம் என்று எடுத்துக்கொண்டால், 60 கிலோவாட் மணி காரில் 6 கிலோ லித்தியம். 2 அல்லது 3 கிலோவாட் மணி கொண்ட ஸ்கூட்டரில் 200 முதல் 300 கிராம். அதை மீட்டெடுத்தால் அந்த அளவுக்குப் பாறையை வெட்ட வேண்டாம், அந்த அளவுக்கு உப்புநீரை இறைக்க வேண்டாம். எறிந்தால் இரண்டு தரம் நட்டம். மின்சார வாகனம் சுற்றாடலுக்கு நல்லதா கெட்டதா என்ற விவாதத்தில் பாதி, என் பார்வையில், பழைய பற்றரி போகும் இடத்தில்தான் தீர்கிறது. நீண்ட சங்கிலியில் எங்கள் நாட்டுச் சட்டத்தின் கை எட்டுகிற இடமும் அதுதான்.

ஏனென்றால் வாசலில் எங்கள் சட்டம் இதையெல்லாம் கேட்பதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 முதல் தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கும் திறக்கப்பட்டது. மின்சாரக் காருக்கான உற்பத்தி வரி மோட்டாரின் கிலோவாட் வலுவையும் வாகனத்தின் வயதையும் பார்த்துப் போடப்படுகிறது. லித்தியம் எந்தச் சுரங்கத்தில் இருந்து வந்தது என்பது அந்த அட்டவணையில் ஒரு நிரல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் கொண்டுவந்த பற்றரிச் சட்டத்தின்படி, 2027 பெப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் மின்சார வாகனப் பற்றரி ஒவ்வொன்றுக்கும் அதன் விவரங்களைச் சொல்லும் இலத்திரனியல் கடவுச்சீட்டு ஒன்று இருக்க வேண்டும். பழைய பற்றரியில் உள்ள லித்தியத்தில் 2027 முடிவுக்குள் 50 வீதத்தையும், 2031 முடிவுக்குள் 80 வீதத்தையும் மீட்க வேண்டும். இந்தியா 2022 இல் கொண்டுவந்த பற்றரிக் கழிவு விதிகள் பழைய பற்றரியைத் திரும்ப எடுக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மேலும் இறக்குமதியாளர் மேலும் வைக்கின்றன. எங்கள் 2008 விதியில் மீட்பு வீதம் எதுவும் இல்லை. கழிவைக் கையாளுபவரிடம் உரிமம் இருக்கிறதா என்பதுதான் அதன் கேள்வி. பழைய விதி, குறையுள்ள விதி. ஆனாலும் கையில் இருப்பது இது.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியே ஆகவேண்டும். ஈயப் பற்றரி செத்தால் பழைய இரும்பு வாங்குபவர் வீடு தேடி வந்து காசு கொடுத்து எடுப்பார், ஈயத்துக்கு விலை உண்டு. லித்தியம் பற்றரியில் கோபால்ட், நிக்கல் உள்ள வகைக்கும் ஓரளவு கேள்வி இருக்கிறது. ஆனால் இப்போது மலிவான கார்களிலும் ஸ்கூட்டர்களிலும் அதிகம் வருவது இரும்பு பொஸ்பேற்று வகை. அதில் கோபால்ட் இல்லை, அதனால் கொங்கோவின் கோபால்ட் சுரங்கங்களில் நடக்கும் கொடுமைகளில் அதற்குப் பங்கில்லை, தீப்பிடிக்கும் ஆபத்தும் ஒப்பீட்டளவில் குறைவு. நல்லதுதான். ஆனால் இரும்புக்கும் பொஸ்பேற்றுக்கும் சந்தையில் என்ன விலை? ஒருபக்கம் நல்லது செய்த அதே குணம் மறுபக்கம் பற்றரியை வாங்க ஆளில்லாத பொருளாக்கிவிடுகிறது. காசுக்கு எடுக்க யாரும் வராத பொருள் கடைசியில் எங்கே போகும் என்று யாழ்ப்பாணத்தில் கேட்கத் தேவையில்லை. கல்லுண்டாய்க் குப்பைமேடு எரிகிற நாட்களில் அந்த வழியால் போனவர்களுக்குத் தெரியும்.

லித்தியம் பற்றரி நசிந்தால் அல்லது துளைபட்டால் தன்பாட்டில் சூடேறி எரியும். உள்ளே இருக்கும் மின்பகு திரவத்தில் புளோரின் கலந்த உப்பு இருக்கிறது. எரியும்போதும் ஈரம் படும்போதும் ஐதரசன் புளோரைட்டு என்ற நச்சு வாயு வரலாம். சார்ஜை இறக்க உப்புத்தண்ணீர் வாளியில் போட்டு வைப்பது என்று ஒரு வித்தை சொல்லித்தரப்படுகிறது. செய்யாதீர்கள். அந்தத் தண்ணீரை வளவில் ஊற்றினால் அது நிற்கும் இடம் வளவு இல்லை. எங்கள் சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம், வடிகட்ட ஆழமான மண்ணும் இல்லை. சுன்னாகத்தில் கழிவு எண்ணெய் கிணறுகளுக்குள் வந்ததை எல்லோரும் பார்த்தோம். அந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பெரிய தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு வந்ததால் கிணற்றில் இருந்து எண்ணெய் போய்விடவில்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? வாகனம் வாங்கும்போதே விற்பவரிடம் நான்கு விடயத்தை எழுத்தில் கேளுங்கள்: பற்றரி எந்த வகை, எத்தனை கிலோவாட் மணி, அது செத்தால் திரும்ப எடுப்பீர்களா, எடுத்தால் எந்த உரிமம் பெற்ற நிறுவனத்துக்குக் கொடுப்பீர்கள். பதில் வாய்மொழியாக மட்டும் வந்தால் அதைப் பதிலாக எடுக்காதீர்கள். பாவித்த கார் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன் நாட்டுக்குள் நிறைய வந்த நிசான் லீஃப் கார்களின் பற்றரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு கிடையாது. எங்கள் வெயிலில் அவற்றின் கொள்ளளவு சீக்கிரம் இறங்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், அகற்றும் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

பழைய கார்ப் பற்றரியை வீட்டு சோலாருக்குச் சேமிப்பாகப் பாவிக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். எண்ணம் நல்ல எண்ணம். பற்றரியின் ஆயுள் நீள்கிறது, புதிதாக ஒன்று வாங்க வேண்டியதில்லை. ஆனால் பெட்டியை உடைத்துச் செல்களைப் பிரித்து அடுக்குவது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. அதைத் தொழிலாகச் செய்பவருக்கு 1534/18 இன் உரிமம் பொருந்தும். அவரிடம் உரிம இலக்கத்தைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

உரிமம் பெற்ற சேகரிப்பாளர்கள் எடுத்த பற்றரியை என்ன செய்கிறார்கள்? மின்னணுக் கழிவின் பெரும்பகுதி வெளிநாட்டு ஆலைகளுக்குத்தான் போகிறது. அதற்கும் விதி உண்டு. ஆபத்தான கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் சமவாயத்தில் இலங்கை 1992 முதல் ஓர் உறுப்பு நாடு. கழிவை வாங்கும் நாடு முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்காமல் ஏற்ற முடியாது. 2025 ஜனவரி 1 முதல் மின்னணுக் கழிவு ஆபத்தானதோ இல்லையோ எல்லாவற்றுக்கும் இந்த முன்சம்மதம் தேவை. இதனால் ஏற்றுமதி மெதுவாகும், செலவும் கூடும். அந்தச் செலவை இறக்குமதியின்போதே ஒரு கட்டணமாக எடுத்து வைத்தால் பின்னால் யாரும் குப்பைமேட்டைத் தேட வேண்டியிருக்காது. இது என் அபிப்பிராயம், சட்டம் அல்ல.

சார்ஜ் செய்யும் நேரத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டின் மின்தேவை உச்சத்தில் இருக்கும், எண்ணெய் மின்நிலையங்கள் அப்போது அதிகம் வேலை செய்யும். பகலில் நிலைமை மாறி, 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்துபோனதால் கூரை சோலார்களை நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. முடிந்தவர்கள் மதிய வெயிலில் ஏற்றுங்கள்.

இதே கேள்வி தீவகத்துக்கும் வரப்போகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் சூரிய, காற்றாலைக் கலப்பு மின் திட்டம் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. அதில் 2,400 கிலோவாட் மணி பற்றரிச் சேமிப்பும் ஒரு பகுதி. டீசல் புகை குறையும், வரவேற்க வேண்டிய திட்டம். அந்தப் பற்றரிகளின் ஆயுள் முடிந்ததும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அவற்றைக் கொண்டுவருவது யார், எந்த உரிமத்தில் என்பதை இப்போதே கேட்டு வைக்கலாம்.

கேட்பதற்கு உரிமை இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வட மாகாணத்தில் பழைய பற்றரி எடுக்க உரிமம் பெற்றவர்கள் யார், அவர்களின் உரிம நிபந்தனைகள் என்ன என்று மத்திய சுற்றாடல் அதிகார சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வர வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கடிதம் ஒப்படைத்ததற்கான பற்றுச்சீட்டை மறக்காமல் வாங்கி வையுங்கள், நாள் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.