ஸ்டீரியோடைப்: ‘ஒரே மாதிரி’ என்று எழுதாதீர்கள்

வெளிநாட்டுப் படங்களில் இந்தியாவை எப்படிக் காட்டுகிறார்கள் என்று தமிழில் யார் பேச ஆரம்பித்தாலும் ஒரு தொடர் வந்து விழுந்துவிடுகிறது: ‘இந்தியாவைப் பற்றிய ஒரே மாதிரியான சித்தரிப்பு’. சப்டைட்டிலில் அதுதான், மொழிபெயர்ப்புக் கட்டுரையில் அதுதான், டிவி விவாதத்திலும் அதுதான். அண்மையில் ராயபுரத்தில் ஒரு படிப்பகத்தில் படம் போட்டுப் பேசியபோது கல்லூரிப் பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். “வெள்ளைக்காரன் படத்துல நம்மள ஒரே மாதிரி காட்றான்” என்றான் ஒரு பையன். பின்வரிசையில் இருந்த பெரியவர், காசிமேட்டில் படகு வேலை பார்த்தவர், “அப்ப ரெண்டு மாதிரி காட்டுனா சரியாப் பூடுமா தம்பி?” என்று கேட்டார். கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. பையன் ஏதோ சமாளித்தான். தவறு இருவரிடமும் இல்லை, அந்த மொழிபெயர்ப்பில் இருக்கிறது.

மூலச்சொல் ஆங்கிலத்தின் ஸ்டீரியோடைப்: ஓர் ஊரையோ கூட்டத்தையோ பற்றி முன்பே மனத்தில் இறுகிப்போன, ஆளைப் பார்த்தாலும் மாறாத பிம்பம். கிரேக்கத்தில் ‘ஸ்டீரியோஸ்’ என்றால் கெட்டியானது, ‘டைப்போஸ்’ என்றால் அச்சு, பதிவு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் ஃபிர்மான் தீதோ என்ற அச்சகர் வைத்த பெயர். எழுத்து எழுத்தாகக் கோத்து முடித்த பக்கத்தை அச்செடுத்து, அந்தக் குழியில் உருக்கிய உலோகத்தை வார்த்து, முழுப் பக்கத்தையும் ஒரே தகடாக ஆக்கிக்கொள்வார்கள். அப்புறம் எத்தனை ஆயிரம் படி வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆனால் நடுவில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. 1922இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் இந்த அச்சகச் சொல்லை மனித மனத்துக்குக் கொண்டுவந்தார். பெரும்பாலும் நாம் பார்த்துவிட்டு வரையறுப்பதில்லை, வரையறுத்துவிட்டுத்தான் பார்க்கிறோம் என்பது அவர் வாதம். ‘கிளிஷே’வும் அதே தகட்டுக்குப் பிரெஞ்சு அச்சகங்களில் வழங்கிய பெயர். அதற்குத் தமிழில் ‘தேய்வழக்கு’ என்ற நல்ல சொல் வந்துவிட்டது. ஸ்டீரியோடைப்புக்குத்தான் இந்தக் கதி.

‘ஒரே மாதிரி’ என்பது ஒப்புமையைச் சொல்லும் தொடர். பள்ளிப் பிள்ளைகள் ஒரே மாதிரி உடுத்துகிறார்கள். அண்ணன் தம்பி ஒரே மாதிரி இருக்கிறார்கள். இதில் யாருக்கும் அவமானம் இல்லை. ‘அந்த நிறுவனத்தின் சேவை ஒரே மாதிரி இருக்கிறது’ என்றால் அது பாராட்டாகக்கூட இருக்கலாம். ‘ஒரே மாதிரியான சித்தரிப்பு’ என்றால் தொடர்ச்சி உள்ள, முன்னுக்குப் பின் முரணில்லாத சித்தரிப்பு என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. போதாக்குறைக்குப் பக்கத்திலேயே ‘ஒரு மாதிரி’ இருக்கிறது. “அந்தாளு ஒரு மாதிரி” என்று எங்கள் தெருவில் சொன்னால் பொருளே வேறு. ஒரு எழுத்து தவறினால் அர்த்தம் கவிழ்ந்துவிடும் இடத்தில் ஒரு கலைச்சொல்லைக் கொண்டுபோய் வைக்கலாமா?

சொல் தெளிவாக இல்லை என்பதோடு நிற்கவில்லை. ஸ்டீரியோடைப் என்ற சொல் குற்றம்சாட்டுகிற விஷயத்தையே ‘ஒரே மாதிரி’ விட்டுவிடுகிறது. வார்த்த தகடு கையில் இருப்பவனுக்கு மூலப் பக்கம் தேவையில்லை. இந்தியானா ஜோன்ஸ் என்ற ஹாலிவுட் சாகசப் பட வரிசையில் 1984இல் வந்த படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதை நடப்பது வட இந்தியாவில். கதையை மாற்றச் சொல்லி இந்திய அரசு நிபந்தனை போட்டதால் படக்குழு இலங்கைக்குப் போய்விட்டது. அந்த ‘இந்திய’க் கிராமத்துப் பெரியவர்கள் திரையில் பேசுவது சிங்களம். அரண்மனை விருந்தில் வண்டும் குரங்கு மூளையும் பரிமாறுகிறார்கள். இங்கே படத்துக்குச் சில காலம் தடை இருந்தது. 2006இல் வந்த போராட் படத்தின் கசகஸ்தான் கிராமம் உண்மையில் ருமேனியாவில் உள்ள ஒரு ஏழைக் கிராமம். கசகஸ்தான்காரர்களும் கொதித்தார்கள், அந்த ருமேனியக் கிராமத்தாரும் கொதித்தார்கள். 2020இல் எக்ஸ்ட்ராக்‌ஷன் என்ற படம் டாக்கா நகரத்தைக் காட்டியது. அந்த டாக்காவின் பெரும்பகுதியை அகமதாபாத்திலும் தாய்லாந்திலும் எடுத்து, மேலே மஞ்சள் நிறத்தைப் பூசியிருந்தார்கள். வங்கதேசத்தில் பலர் அந்த மஞ்சளையும், தங்கள் ஊர் ஆட்கள் பேசுவதாகக் காட்டப்பட்ட வங்காள உச்சரிப்பையும் கண்டித்தார்கள்.

இந்த மூன்றிலும் கிட்டத்தட்ட ஊருக்குப் போகாமலேயே ஊரைக் காட்டிவிட்டார்கள். போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை, அச்சு ஏற்கெனவே கையில் இருந்தது. இதை ‘ஒரே மாதிரி காட்டினார்கள்’ என்று எழுதினால், எடுத்தவர்களுக்குக் கற்பனைப் பஞ்சம் என்ற அளவில்தான் குற்றச்சாட்டு நிற்கும். டாக்காக்காரரின் மனக்குறை அதுவா? என் ஊரைக் காட்ட என் ஊரே தேவைப்படவில்லை என்பதல்லவா அவர் மனக்குறை?

சரி, வேறு சொற்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. ‘வார்ப்புரு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது கிட்டத்தட்டச் சரியான சொல்தான், ஆனால் கணினித் தமிழில் டெம்ப்ளேட்டுக்கு என்று நிலைத்துவிட்டது. டெம்ப்ளேட் என்பது நமக்கு வேண்டியதை நிரப்பிக்கொள்ள வைத்திருக்கும் காலிச் சட்டகம், அதில் யாருக்கும் காயம் இல்லை. ‘பொதுமைப்படுத்தல்’ என்பது பத்துப் பேரைப் பார்த்துவிட்டு ஆயிரம் பேரைப் பற்றி முடிவுக்கு வருவது. ஸ்டீரியோடைப்புக்கு அந்தப் பத்துப் பேரைப் பார்த்திருக்கவும் வேண்டாம். ‘முத்திரை குத்துதல்’ நம் பேச்சிலேயே உயிரோடு இருக்கிறது, வினையாக வரும் இடங்களில் தாராளமாக எழுதலாம். ஆனால் பெயர்ச்சொல்லாக ‘முத்திரை’ என்று நிறுத்தினால், ‘நடிப்பில் முத்திரை பதித்தார்’ என்ற புகழ்ச்சி குறுக்கே வந்து நிற்கிறது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது ‘எதிர்மறைச் சித்தரிப்பு’ என்ற மொழிபெயர்ப்பைப் பார்க்கும்போதுதான். பாம்பாட்டி ஒரு ஸ்டீரியோடைப் என்றால், கண்ணை மூடி ஞானம் சொல்லும் யோகியும் ஸ்டீரியோடைப்தான். கணக்கில் புலியான இந்திய மாணவனும் அப்படியே. இவர்களில் யோகியையும் மாணவனையும் பார்த்து நாம் மகிழ்ந்துகொள்கிறோம், பாம்பாட்டியைப் பார்த்தால் மட்டும் கொதிக்கிறோம். 2009இல் ஸ்லம்டாக் மில்லியனர் எட்டு ஆஸ்கர் வாங்கியபோது இந்த இரண்டு உணர்ச்சியும் ஒரே படத்தின் மேல் இருந்தன. பெயரில் இருந்த ‘டாக்’ என்ற சொல்லுக்காக மும்பையிலும் பாட்னாவிலும் குடிசைப் பகுதி மக்கள் போராட்டம் நடத்தினார்கள். ரஹ்மான் ஆஸ்கர் மேடையில் ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே’ என்று தமிழில் சொன்னபோது சென்னை பூரித்துப்போனது. இரண்டுமே நியாயமான உணர்ச்சிகள். ‘எதிர்மறை’ என்ற ஒரு சொல்லுக்குள் இதை அடக்க முடியாது.

வறுமையைக் காட்டுவதே ஸ்டீரியோடைப் என்று சாதிப்பவர்களும் இருக்கிறார்கள். பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் இந்தியாவைப் பற்றி ஏழு பகுதிகளாக எடுத்த ஆவணப்படம் 1969இல் வந்தது. அதில் ஒரு பகுதி முழுக்க மதராஸ்தான், மயிலாப்பூர்த் தேர்கூட வருகிறது. 1970இல் பிபிசி அதை ஒளிபரப்பியதும் இந்திய அரசு கோபப்பட்டு பிபிசியின் டெல்லி அலுவலகத்தையே மூடவைத்தது. 1980இல் நடிகையும் மாநிலங்களவை உறுப்பினருமான நர்கிஸ், சத்யஜித் ராய் இந்தியாவின் வறுமையை வெளிநாட்டுக்கு விற்கிறார் என்று குற்றம்சாட்டினார். என் கருத்தில் இரண்டும் தவறான கோபம். ராய் ஊரை உட்கார்ந்து பார்த்தவர். மால் பல மாதம் இங்கே அலைந்து படம்பிடித்தவர், தான் பார்ப்பது சரிதானா என்று படத்துக்குள்ளேயே கேட்டுக்கொண்டவர். அவர்கள் பக்கத்தைப் புதிதாகக் கோத்தார்கள், பழைய தகட்டை எடுத்து ஓட்டவில்லை.

இந்த வேறுபாடு வடசென்னைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹாலிவுட் இந்தியாவுக்குச் செய்வதைத்தான் கோடம்பாக்கம் எங்களுக்குச் செய்கிறது. ஹவுசிங் போர்டு படிக்கட்டு, கையில் பட்டாக்கத்தி, வாயில் கெட்ட வார்த்தை, ஓரத்தில் ஒரு கேரம் போர்டு. பல நேரம் அது புளியந்தோப்பும் இல்லை, வியாசர்பாடியும் இல்லை, எங்கோ போட்ட செட். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலையும் 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்து முகத்துவாரத்தில் படிந்த எண்ணெயையும் ஒருவர் படமெடுத்தால் நாங்கள் கோபப்பட மாட்டோம், இன்னும் நாலு பேர் வந்து எடுக்கட்டும் என்றுதான் சொல்வோம். ஆனால் அதே கேரம் போர்டில் ஆடிப் பழகி, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் வென்று வந்தார் புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா. படத்தில் அந்தப் போர்டு ரவுடிகள் உட்காரும் இடமாக மட்டும் வருகிறபோது வயிறு எரிகிறது. வேலைக்கான நேர்காணலில் முகவரியைக் கேட்டதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதை இங்கே பல பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அந்த முகத்தில் தெரிவது அந்தத் தகடுதான்.

ஆகவே நான் சொல்லும் சொல் ‘அச்சுவார்ப்பு’. ‘அச்சில் வார்த்தது போல’ என்பது தமிழில் முன்பே இருக்கும் வழக்கு. அச்சு முறுக்கு சுடும் வீட்டில் யாருக்கும் அதை விளக்க வேண்டாம். வார்த்தல் தோசைக்கும் வரும், உலோகத்துக்கும் வரும். ‘அச்சுவார்ப்பான பாத்திரம்’, ‘வடசென்னை பற்றிய அச்சுவார்ப்பு’ என்றெல்லாம் சுலபமாகச் சொல்லலாம். முக்கியமாக, இதை உடைக்க முடியும். ‘அச்சுவார்ப்பை உடைத்த படம்’ என்றால் உடனே புரிகிறது. ‘ஒரே மாதிரியை உடைத்த படம்’ என்று எழுதிப் பாருங்கள். பட்டறைச் சொல் போல இருக்கிறது என்று ஒரு நண்பர் ஆட்சேபித்தார். மூலச்சொல்லும் பட்டறையில் பிறந்ததுதானே! ஆறுமுக நாவலர் அச்சுக்கூடம் நடத்திய தங்கசாலைத் தெரு இருக்கும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அச்சகச் சொல் எப்படி அந்நியமாகும்?

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள வருத்தம் இந்த ஒரு சொல்லோடு முடியவில்லை. இயந்திரம் முதலில் கொடுப்பதை அப்படியே எடுத்துப் போடும் பழக்கம் பரவிவிட்டது. சப்டைட்டில் வேலைக்குக் கூலி குறைவு, அவகாசமும் குறைவு என்பது தெரியும், அதற்காக அவர்களைத் திட்ட மாட்டேன். ஆனால் நிதானமாக எழுத நேரம் உள்ள கட்டுரையாளர்களும் பாடநூல் எழுதுபவர்களும் அதையே செய்வதற்கு என்ன காரணம்? ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினால் போதும், ‘ரெண்டு மாதிரி காட்டுனா சரியா’ என்ற கேள்வி அங்கேயே வந்துவிடும்.

அச்சுவார்ப்பு பிடிக்கவில்லையா, ஸ்டீரியோடைப் என்றே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். பஸ்ஸும் சைக்கிளும் வந்தது போல அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும், இன்னும் நல்ல சொல் வரும்போது மாற்றிக்கொள்ளலாம். ‘ஒரே மாதிரி’ மட்டும் வேண்டாம்.