மண்பாதை போய்வந்த வண்டியில் ஏ.சி. சத்தம்: கம்ப்ரஸரை மாற்றும் முன்

மழை விட்ட திங்கட்கிழமைகளில் என் பட்டறைக்கு ஒரே மாதிரி வண்டிகள் வரும். சக்கரத்துக்கு மேலே செம்மண் அப்பிக் காய்ந்திருக்கும். பானெட்டைத் திறப்பதற்குள், "அண்ணா, ஏ.சி. போட்டா கரகரன்னு சத்தம் வருதுங்க, கேஸ் குறைஞ்சிருக்குமா?" என்று கேட்டுவிடுவார்கள். கோவையில் பல வருடமாகக் கார் ஏ.சி. வேலை பார்க்கிறேன். இந்தச் சத்தத்துக்கு முதல் மருந்து பெரும்பாலும் கேஸ் (ஏ.சி.க்குள் சுற்றிக் குளிர வைக்கும் வாயு) இல்லை.

போன மாதம் ஒரு தம்பி வந்தார். ஆனைமலை அடிவாரத்தில் எஸ்டேட் பாதை ஒன்றில் ஓடையை இரண்டு தரம் கடந்திருக்கிறார். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. பத்து நாள் கழித்துத்தான் ஆரம்பித்திருக்கிறது. வேறோர் இடத்தில் காட்டியதற்கு, கம்ப்ரஸர் (கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் பம்ப்) போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் ஒன்றுதான் கேட்டேன். ஏ.சி.யை அணைத்தால் சத்தம் நிற்கிறதா?

"நிக்கலைங்கண்ணா. கொஞ்சம் குறையுது, ஆனா இருக்குது."

பாதி நோய் அங்கேயே தெரிந்துவிட்டது. கம்ப்ரஸரின் முன்பக்கப் புல்லி, என்ஜின் ஓடுகிறவரை பெல்ட்டோடு சேர்ந்து சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஏ.சி. பொத்தானை அழுத்தும்போதுதான் காந்தக் கிளட்ச் முன்னால் இருக்கும் தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்ட வைக்கும். அப்போதுதான் கம்ப்ரஸர் உள்ளே வேலை செய்யும். ஆகவே ஏ.சி. அணைந்திருக்கும்போதும் சத்தம் வந்தால், கம்ப்ரஸரின் உள்பாகத்தைக் குறை சொல்வதற்கு முன் புல்லி பேரிங்கை (புல்லி தடையில்லாமல் சுற்ற உள்ளே இருக்கும் பந்து வளையத்தை) பார்க்க வேண்டும். அதே பெல்ட்டில் ஓடும் டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை), ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்கு மின்சாரம் தருவது) எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். (கிளட்ச்சே இல்லாத கம்ப்ரஸர்களும் சில புது வண்டிகளில் உண்டு. அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

என்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, புல்லியைக் கையால் சுற்றினேன். நல்ல பேரிங் சத்தமே இல்லாமல், கிரீஸின் லேசான பிடிப்போடு சுற்றும். இது விரல் நுனியில் நறநறவென்று உரசியது. புல்லியை ஆட்டினால் மேலும் கீழும் அசைந்தது. புல்லியைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் வளையத்தை எடுத்துப் புல்லியை வெளியே இழுத்தபோது, பேரிங் மூடியின் ஓரத்தில் செம்மண்ணும் துருவும் குழைந்து பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தது. அந்தத் தம்பியின் உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டினேன்.

பத்து நாள் தாமதத்துக்கும் காரணம் இருக்கிறது. ஓடிச் சூடான பேரிங் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் முங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூடியின் ஓரம் வழியாகத் தண்ணீரையும் நுண்மண்ணையும் உறிஞ்சும். அப்புறம் கிரீஸ் மெல்லக் கெட்டு, பந்துகள் துருப்பிடித்து, சத்தம் கிளம்பும். அதற்குள் ஓடையை நாம் மறந்திருப்போம். பல வண்டிகளில் கம்ப்ரஸர் என்ஜினின் கீழ்ப்பகுதியில் இருப்பதால், சேறும் கல்லும் முதலில் அதைத்தான் சேரும்.

பேரிங்கை மட்டும் மாற்றினோம். பல வண்டிகளில் இதைக் கேஸைத் திறக்காமலே செய்யலாம். ஆனால் அழுத்தும்போது வெளிவளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள்வளையத்தில் தட்டினால் பந்துகள் ஓடும் பாதையில் பள்ளம் விழுந்து, புது பேரிங்கே சில வாரங்களில் கத்தும். திரும்ப மாட்டும்போது கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) அளந்தோம். பெரும்பாலான வண்டிகளில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் வரும். அந்தந்த வண்டியின் புத்தகத்தைப் பார்ப்பதே சரி. பேரிங் ஆடுகிறது என்று தெரிந்தும் ஓட்டியிருந்தால், புல்லி, கிளட்ச்சுக்குக் காந்த சக்தி தரும் காயிலில் உரசி, அந்தக் காயிலும் எரிந்திருக்கும்.

ஏ.சி. போட்டால் மட்டும் 'டக் டக்' என்று அடித்தால் கதை வேறு. ஒரு வண்டியில் கம்ப்ரஸரைத் தாங்கும் பிராக்கெட் போல்ட் ஒன்று குலுங்கிக் குலுங்கித் தளர்ந்திருந்தது, முறுக்கியதும் நின்றுவிட்டது. இன்னொன்றில் முன்னால் இருக்கும் கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியே விடும் பாகம்) முழுக்கச் சேறு அடைத்திருந்தது. காற்று புகாததால் அழுத்தம் ஏறி, கம்ப்ரஸர் முக்கி முனகியது. மெதுவான தண்ணீரில், உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் கழுவினால் போதும். பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் கண்டென்சரின் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும், பேரிங்குக்குள்ளும் தண்ணீர் ஏறும்.

சத்தம் போகட்டும் என்று பெல்ட்டில் எண்ணெய் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். பெல்ட் வழுக்கி, ரப்பரும் கெடும்.

கேஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல் பட்டுக் குழாய் கசிந்தால், அந்த இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் தூசியும் படிந்திருக்கும். கம்ப்ரஸருக்கான எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. கசிவில் அதுவும் போகும். நிற்கிற வண்டியில் அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்து "கேஸ் சரியா இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை, 30 டிகிரியில் ஆர்134ஏ என்ற கேஸுக்குக் கேஜ் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ அழுத்தம்தான் காட்டும், அளவு பாதியானாலும். கசிவை அடைத்து, வேக்வம் இழுத்து (உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), பானெட் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கில் எடைபோட்டு நிரப்புவதுதான் முறை.

தண்ணீரில் இறங்கும் முன் ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். ஏ.சி. ஓடினால் முன்பக்க மின்விசிறியும் ஓடும். அதன் இறக்கை தண்ணீரில் அடிபட்டு வளைந்தால் ரேடியேட்டரையே கிழிக்கும். மலையில் இருக்கும்போது சத்தம் வந்தாலும் ஏ.சி.யை அணைத்து, ஜன்னலை இறக்கிக்கொண்டு வாருங்கள். ஆனால் அணைத்த பிறகும் சத்தம் பலமாக இருந்தால் ஓட்டாதீர்கள். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும், சிலவற்றில் வாட்டர் பம்பையும் ஓட்டுகிறது; புல்லி இறுகிப் பெல்ட் அறுந்தால் அவையும் நின்றுவிடும்.

சில நேரம் கம்ப்ரஸர் நிஜமாகவே போயிருக்கும். குழாயைத் திறந்தால் எண்ணெயில் வெள்ளிப் பெயிண்ட் கலந்த மாதிரி உலோகத் துகள் மின்னும். அந்தத் துகள் கண்டென்சர் வரை போயிருக்கும். இப்போதைய கண்டென்சர்களின் நுண்குழல்களைக் கழுவி முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது. அதையும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும், கேஸை அளவாக உள்ளே விடும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கம்ப்ரஸரை மட்டும் மாற்றிப் பில் கொடுத்தால், வண்டியை எடுப்பதற்கு முன் இந்த மூன்றும் என்னவாயிற்று என்று கேளுங்கள்.